அரை மாத்திரை

வேப்பேரி ஆஸ்பத்திரி பெஞ்சில்
எனக்கு முன்னால் ஓர் ஆடு, இரண்டு லாப்ரடார்,
அட்டைப்பெட்டிக்குள் யாருடையதோ ஒரு கிளி.
பொட்டலம் யாரையும் பார்க்கவில்லை.
அதன் பின்னங்கால்
காதுக்கும் வயிற்றுக்குமாகத்
தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கெசியா அக்குளை விலக்கிப் பார்த்தார்.
நக்கி நக்கிக் காவியேறிய பாதங்களை
விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார்.
உண்ணி இல்லை. சொறிப்பூச்சி இல்லை.
அலர்ஜி என்றார்.
எதற்கு?
மழையில் ஊறிய சுவராக இருக்கலாம்,
மெத்தைத் தூசியாக இருக்கலாம்,
கோழிக்கறியாகக்கூட.
"கண்டுபிடிக்க மாசக்கணக்காகும்.
அதுவரைக்கும் இது தூங்கணும் இல்லையா?"

காலை அரை, இரவு அரை, பதினான்கு நாள்.
அப்புறம் ஒரு வேளை மட்டும்.
தீர்க்கிற மருந்தில்லை, அடக்குகிற மருந்து.
காய்ச்சலோ கட்டியோ கண்டால் உடனே வரணும்.

மருந்துக்கடைப் பையன் பேஷண்ட் பெயர் கேட்டான்.
சொன்னேன்.
வயசு?
நாலு.
பில்லில் விழுந்தது: மாஸ்டர் பொட்டலம்.
ஒரு மாத்திரை நூற்றுப்பத்து ரூபாய்.
என் பிரஷருக்கு நான் போடுவது
நாலு ரூபாய் சொச்சம்.

அயனாவரத்தில் எங்களுடையது இரண்டாவது மாடி.
எட்டு மாதமாக, ராத்திரி மூன்று மணிக்கு
அதன் குதிகால் தரையில் இடிக்கும்.
தொப் தொப் தொப்.
உடனே கீழ்வீட்டுக் குணசீலி அக்கா
ஒட்டடைக் கம்பால் கூரையில் மூன்று இடி.
சாக்கு விரித்தேன், ரப்பர் பாய் விரித்தேன்.
அக்கா துணி காயப்போடும் நேரம் பார்த்து
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படியிறங்கிப் பழகினேன்.

வெண்டைக்காய்க் கத்தியில் வெட்டினால்
ஒரு பாதி எப்போதும் பெரிய பாதி.
உதிர்ந்த தூளை விரலில் ஒற்றி ஊட்டினேன்,
அதுவே பத்து ரூபாய் இருக்கும்.
தயிர்சோற்றில் ஒளித்தேன்.
தட்டைக் கண்ணாடியாக நக்கிவிட்டு
நடுவில் மாத்திரையை மட்டும் வைத்திருந்தது.
மலைப்பழத்தில் ஏமாந்தது.

மூன்றாம் நாள் இரவு
சத்தமே இல்லாததால் விழித்துக்கொண்டேன்.
குனிந்து விலாவில் கை வைத்துப் பார்த்தேன்.
ஏறுது, இறங்குது.
சிவப்பு வெளுத்த வயிற்றில்
புதுமயிர், ஆண்பிள்ளை மீசை அரும்புகிற மாதிரி.
தூங்குகிறது என்பதை நம்ப
எனக்கு விடியும்வரை பிடித்தது.

ஐந்தாம் நாள் அக்கா மேலே வந்தார்.
நைட்டியின் மேல் துண்டு, மூச்சிரைப்பு.
"நாய் இருக்குதா?"
பொட்டலம் கட்டிலடியிலிருந்து வாலை மட்டும் காட்டியது.
"சத்தமே காணோமேன்னு..."
மாத்திரை, அரை அரையாக, என்றேன்.
இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்றேன்.

அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.
"தொந்தரவா?
அவருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து
நடுராத்திரி ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்கணும்மா.
இல்லாட்டி முதுகு புண்ணாயிடும்.
அலாரம் அடிச்சா அவருக்குத் தூக்கிவாரிப் போடுது.
உன் நாய் சொறிஞ்சா எழுந்துக்குவேன்."

அப்போ அந்தக் கம்பு?

"எழுந்துட்டேன்னு சொன்னேன்."

நாலு நாளாக எழவில்லையாம்.
இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குச்
சிவந்திருக்கிறதாம்.
சொல்லிவிட்டு, அதற்கு நான் காரணமில்லை என்பதுபோல்
பொட்டலத்தைக் குனிந்து தடவினார்.
"நல்லாத் தூங்கட்டும், பாவம்."

இப்போது என் தலையணைக்கு அடியில்
போன் மூன்று மணிக்கு நடுங்கும்.
எழுந்து ரப்பர் பாயை ஒதுக்குவேன்.
குதிகாலால் தரையில்
தொப் தொப் தொப்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது.
அப்புறம் கீழிருந்து கம்பு.

பொட்டலம் ஒரு கண்ணைத் திறந்து
என் காலையே பார்க்கும்,
உனக்கும் ஆரம்பிச்சிடுச்சா
என்று.